உருண்டையை நசுக்கின கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டிருந்த விஷயம். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

2009ல் நடந்தது. அப்போ பட்டினப்பாக்கத்தில் வாடகை வீடு, எம்.டெக் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் என்னன்னா, சிலிக்கான் உருண்டையை நசுக்கறது. நிஜ உருண்டை இல்லீங்க, கம்ப்யூட்டருக்குள்ள. விட்டம் 10 நானோமீட்டர், அதுக்குள்ள சுமார் 26 ஆயிரம் அணுக்கள். மேலயும் கீழயும் பலகை வச்சு அமுக்கணும். ஒரு தடவை ஓட்ட ஒரு ராத்திரி முழுசா ஆகும். நடுவுல கரண்ட் போனா எல்லாம் போச்சு.

"மூணு வாரமா அதே உருண்டையைத்தானே நசுக்கறே? இன்னுமா நசுங்கல?" இது அம்மா.

நசுங்காததுதான் சுவாரஸ்யமே. 2003ல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க நிஜமாவே அமுக்கிப் பார்த்தாங்க. சாதாரண சிலிக்கானின் கடினத்தன்மை சுமார் 12 கிகாபாஸ்கல். அவங்க எடுத்த பொடி உருண்டைகளுக்கு 50 வரை வந்தது. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கத்தான் சிமுலேஷன். ஒரு அணு பக்கத்து அணுவை எவ்வளவு இழுக்கும், தள்ளும்னு ஒரு சூத்திரம் கொடுத்துட்டா, மிச்சத்தை நியூட்டன் பாத்துப்பார். இந்த வித்தைக்கு முன்னோடி ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964ல் அமெரிக்காவில் 864 ஆர்கான் அணுக்களை வச்சு செஞ்சு காட்டினார்.

ஒருநாள் காலையில படம் அட்டகாசமா வந்திருந்தது. பலகை தொடுற இடத்துல அணுக்கள் வரிசை மாறி, பீட்டா டின் என்கிற உலோக வடிவமா ஆகியிருந்தது. அறிக்கையும் எழுதியாச்சு. சமர்ப்பிக்க ரெண்டு நாள் இருக்கு. சும்மா இருக்க மாட்டாம, சூத்திரத்தை மட்டும் மாத்தி இன்னொரு தடவை ஓட்டினேன். உருமாற்றத்தையே காணோம்! அணு அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டுப் போகுது. அதே உருண்டை, அதே அமுக்கல். ரெண்டுமே எல்லாரும் பயன்படுத்துற சூத்திரங்கள்தான்.

வயித்துல புளியைக் கரைச்சுது. ரெண்டாவதை அழிச்சுட்டா யாருக்கும் தெரியாது. பொய் சொல்வானேன், அழிக்கக் கை போச்சு.

எழுந்து கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். அப்பத்தான் இன்னொண்ணும் உறைச்சுது. என் பலகை இறங்கின வேகம் நொடிக்கு 10 மீட்டர். அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், நம்ம மாநகரப் பேருந்து வேகம். சோதனைச்சாலையில் நொடிக்குச் சில நானோமீட்டர்தான். அவ்வளவு மெதுவா அமுக்க என் கம்ப்யூட்டர் ஆயுசு பத்தாது. ஆக, சிலிக்கான்னு பேர் வச்ச ஒரு சூத்திரத்து மேல மூணு வாரமா பஸ்ஸை ஏத்திட்டிருந்திருக்கேன்.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கொடுத்தேன். வைவாவில் "இதுல எது சரி?"ன்னு கேட்டாங்க. "இதை மட்டும் வச்சு சொல்ல முடியாது சார்"னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. மார்க் சுமார்தான்.

வீட்டுக்கு வந்து, "நசுங்கிடுச்சும்மா"ன்னேன்.

"எப்படி?"

"ரெண்டு விதமா."

"அப்ப இன்னும் மூணு வாரமா?"