பானையின் வாய்

பெரியமேட்டில் ஒரு மாடி அறை. வடக்கு ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் போர்வை போட்டு மூடியிருந்தார் மாஸ்டர். தை மாதத்தில் அந்தப் பக்கம் வெயில் எட்டிப் பார்க்காது. காலையில் விழுந்த நிழல் மத்தியானமும் ஏறக்குறைய அங்கேயே கிடக்கும்.

மேசைமேல் மண்பானை, பித்தளைச் செம்பு, அலுமினியத் தூக்கு, இரண்டு கத்தரிக்காய். பின்னால் மடிப்பு விழத் தொங்கவிட்ட காடாத் துணி. சுற்றிலும் ‘டாங்கி’ போட்டு ஏழு பேர். இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, முன்னால் டிராயிங் போர்டைச் சாய்த்துக்கொள்ளும் பெஞ்சு அது.

மாஸ்டர் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. தூக்கைத் தட்டிக் காட்டி, “இதுவும் நம்ம ஸ்கூல்ல பொறந்ததுதான் சார்” என்றார். உண்மைதான். 1890களின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார்.

எனக்கும் ஒரு 2பி பென்சில் கிடைத்தது. பானையின் வாயை அகலமாக வரைந்தேன், அடியில் நேர்க்கோடு போட்டேன். மாஸ்டர் என் பின்னால் வந்து குனிந்தார்.

“கையை நீட்டிப் பென்சிலைப் படுக்கப் பிடிங்க. ஒரு கண்ணை மூடுங்க. வாய் எவ்வளவு அகலம்? இப்ப நிமிர்த்துங்க. எவ்வளவு உயரம்?”

அகலத்தில் கால் பங்குகூட இல்லை. வட்டம் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வட்டத்தை வரைந்திருக்கிறேன். கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாய் ஒடுங்கித் தெரியும். கீழே போகப் போக வளைவு விரியும். மேசையில் உட்கார்ந்திருக்கும் அடிப்பாகம் நேர்க்கோடாக இருக்கவே முடியாது.

பக்கத்து டாங்கியில் இருந்தவர் முப்பது வருடம் கடைப் பலகை எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. இப்போது பள்ளிக்கூடச் சுவர்களில் படம் போடுகிறார். ஒரே இழுப்பில் வளைவு விழுந்துவிடும் கை. அந்தக் கையைத்தான் மாஸ்டர் நிறுத்திக்கொண்டே இருந்தார். “கை ஓடுதுண்ணே. கண்ணு வரட்டும்.” அவர் கோபப்படவில்லை, அழித்துவிட்டு மறுபடி பார்த்தார். செம்பின் இருண்ட பக்கத்தில் பானையின் சிவப்பு லேசாகப் படிந்திருந்ததை முதலில் கண்டவர் அவர்தான். பென்சிலில் சிவப்பு ஏது? அந்த இடத்தை மட்டும் கறுப்பாக்காமல் ஒரு படி வெளிறவிட்டார். செம்பு சட்டென்று உருண்டது. இந்தத் தொழிலில் நான் பார்த்த மிக அழகான காரியம் அது.

பொருள்களை அடுக்குவதிலேயே மாஸ்டருக்கு அரைமணி நேரம் போயிருந்ததாம். செம்பின் விளிம்பும் பானையின் விளிம்பும் தொட்டும் தொடாமலும் நின்றால் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். கத்தரிக்காய் ஒன்றின் அடியில் மடித்த காகிதம் வைத்து, காம்பை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். பிரான்சில் செசான் பழங்களுக்கு அடியில் சில்லறைக் காசு வைத்துச் சாய்ப்பாராம். கூட இருந்து பார்த்த இளம் ஓவியர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் வைக்க வேண்டுமே என்று பானை, செம்பு, தூக்கு மூன்றின் அடியைச் சுற்றியும் சாக்பீஸால் வரைந்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்தார் மாஸ்டர். கத்தரிக்காய் அவர் வீட்டுக் குழம்புக்கு.

காலி மேசையில் மூன்று சாக்பீஸ் வட்டங்கள். என் டாங்கியிலிருந்து பார்த்தபோது மூன்றுமே நசுங்கித் தெரிந்தன, தூரத்தில் இருந்தது கூடுதலாக.