அடுப்பில் ஏறாத சீம்பால்

தாயை இழந்த குட்டிக்கு ஏதேனும் ஒரு பால் கிடைத்தால் போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்திற்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

எங்கள் சடையங்குப்பத்து வீட்டில் சில செம்மறிகள் உண்டு. 2014-இல் ஓர் ஆடு ஈன்றவுடன் இறந்தது. அதன் குட்டிக்குப் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றிப் புகட்டினேன். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. நான்காம் நாள் குட்டி இல்லை.

கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் என் பிழை புரிந்தது. மனிதக் குழந்தை கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றலில் ஒரு பங்கைப் பெற்றுவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கோ அந்தப் பேறு இல்லை. அதைச் சீம்பாலின் வழியாகவே பெற வேண்டும். அந்த ஆற்றலை உள்வாங்கும் குடலின் வாயில், பிறந்த சில மணி நேரத்திலேயே அடைபடத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறத்தாழ மூடிவிடுகிறது.

2015 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் ஊரைச் சூழ்ந்து வடிந்த சில நாட்களில், மற்றோர் ஆடும் ஈன்று இறந்தது. அன்று காலைதான் பக்கத்து வீட்டு ஆயாவின் பசு கன்று ஈன்றிருந்தது. ஓடினேன். கடும்பு கிண்டுவதற்காகச் சீம்பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சிடாதீங்க ஆயா! காய்ச்சினா அதோட சத்தே போயிடும். குட்டி பிழைக்கணும்."

ஆயா சட்டியை இறக்கினார். "கன்னு குடிச்ச மிச்சம்தான் இது. எடுத்துக்கிட்டுப் போ கண்ணு. கடும்பு அடுத்த ஈத்துல தின்னுக்கலாம்."

குளிரில் விறைத்த குட்டிக்கு உடனே புகட்டலாகாது. சாக்கினால் துடைத்து, அதன் வாய்க்குள் வெதுவெதுப்பு வரும்வரை அடுப்பருகே வைத்திருந்தேன். சீம்பாலை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து இளஞ்சூடாக்கினேன். இரண்டரைக் கிலோ எடையுள்ள குட்டி. கிலோவுக்கு 50 மில்லி வீதம், வேளைக்கு 125 மில்லி. புரையேறாதிருக்க, குட்டியை நிற்க வைத்தே புட்டியில் புகட்டினேன். ஒரு நாளுக்குள் நான்கு வேளை. நான்காம் நாள் அது துள்ளியது.

நம் வீடுகளிலும் குழந்தை பிறந்ததும் சேனை தொட்டு வைத்து, சீம்பாலைப் பீய்ச்சி எறிந்த காலம் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தரவேண்டும் என்று இன்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், ஆயா இறக்கி வைத்த அந்தச் சட்டி என் கண்முன் வந்து நிற்கிறது. மறுநாள் தந்திருந்தால் அதுவும் வெறும் பாலாகவே இருந்திருக்கும்.