வாசனையைச் சுமந்து வருவது காற்றோட்டம்

சூடு கூடினால் வாயு வேகமாகப் பரவும் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. சரிதான், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அறை வெப்பத்தில் நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 470 மீட்டர் பாய்கிறது. அப்படியானால் வாசனை ஏன் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேர்வதில்லை என்று டச்சு அறிஞர் பைஸ் பலோட் கேட்டார். மூலக்கூறுகள் ஓயாமல் மோதித் திசை மாறுகின்றன என்று 1858இல் இயற்பியலாளர் கிளாசியஸ் பதில் சொன்னார். அந்த மோதல்களால், துளியும் அசையாத காற்றில் 3 மீட்டர் கடக்க ஒரு வாசனைக்கு நாட்கணக்கில் ஆகும். 10 டிகிரி செல்சியஸ் 40 ஆனாலும் விரவும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூடும்.

கொதிக்கும் சாம்பாரின் மணம் தெருவரை வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. சூடு ஆவியை அதிகமாகக் கிளப்புகிறது. மேலெழும் சூடான காற்று அதைச் சுமந்து செல்கிறது. அங்கே விரவுதலின் பங்கு மிகச் சிறியது. மூலக்கூறு எடைக்கும் பங்குண்டு என்பது உண்மை: எடை நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும் என்கிறது கிரஹாம் விதி.

இதை நான் வலியுறுத்தக் காரணம் சமையல் எரிவாயு. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. எரிவாயுவில் உள்ள புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. கசிந்தால் தரையோரம் தேங்கும். கோடைச் சூட்டில் தானே கலைந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், கதவு சன்னல்களை அகலத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.