ஹல் நகரத்தில் ஒரு திருநெல்வேலி பேரம்!

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏ.ஸி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த நீள வண்டிதானே? இங்கிலாந்தில் கதையே வேறு ஸார்! இங்கே கேரவனுக்கு இன்ஜின் கிடையாது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் அடக்கமாக வைத்த குட்டி வீடு. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். வெயில் லேசாக எட்டிப்பார்த்தால் போதும், வெள்ளைக்காரர் வீட்டையே இழுத்துக்கொண்டு கடலோரத்துக்குக் கிளம்பிவிடுவார். பின்னால் மாட்டிக்கொண்ட நாம் ஊர்ந்துகொண்டே சபிக்கலாம்.

அப்படி சபித்துக்கொண்டிருந்த நானே ஒன்று வாங்கவேண்டி வந்ததற்குக் காரணம், அப்பா.

முப்பத்தாறு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். 2023 மார்ச்சில் லீட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விஸிட்டர் விசாவில் வந்தார். ஆறு மாசம்தான் தங்கலாம். ஒருநாள் பேச்சுவாக்கில், "கன்னியாகுமரிக்கு எத்தனை ட்ரிப் அடிச்சிருப்பீங்கப்பா?" என்றேன்.

"அது கெடக்கு ஆயிரக்கணக்குல. ஆனா ஊரெல்லாம் பாஸெஞ்சருக்குத்தாம்லே. எனக்கு பஸ் ஸ்டாண்டு, டிப்போ. அம்புட்டுதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

ஹோட்டலில் தங்கவைக்கலாம் என்றால், அப்பாவுக்கு ராத்திரி ரசம் சாதம் இல்லாவிட்டால் ஆகாது. வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்ததில் கை வைப்பது என்று முடிவு செய்தேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எட்டாயிரம் பவுண்டுக்கு மேல ஒரு பென்னி போனாலும் நீங்க அந்த வண்டியிலயே இருந்துக்குங்க" என்று வாய்மொழி உத்தரவு போட்டாள்.

கேரவன் என்றால் ஹல் நகரப் பக்கம் போகவேண்டும். நம்ம ஊர் சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, கிழக்கு யார்க்ஷயருக்கு கேரவன். பிரிட்டனின் பெரிய கம்பெனிகள் பல அங்கேதான் தயாரிக்கின்றன. ஆனால் இந்தப் பித்து ஆரம்பித்தது பிரிஸ்டலில். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ஓய்வு பெற்ற கடற்படை டாக்டர், 1885-ல் இரண்டு குதிரை இழுக்கும் சொகுசு வண்டி ஒன்றை அங்கே செய்யச் சொன்னார். பெயர், 'வாண்டரர்'. எதிரே வருகிறவர்களை எச்சரிக்க வேலைக்காரர் ஒருவர் முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் போவாராம்! ஓய்வு பெற்றால் இப்படி அல்லவா பெறவேண்டும்!

போவதற்கு முன் நான் செய்த ஒரே ஹோம்வொர்க், எடை. சரக்கோடு சேர்த்து கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவிகிதத்துக்குள் இருப்பது புதியவர்களுக்கு நல்லது என்பார்கள். என் கார் 1,500 கிலோ. அப்படியானால் 1,275-க்குள். தாண்டினால் வளைவில் வால் ஆடி நாயையே ஆட்டிவிடும். லைசென்ஸ் பிரச்னை இல்லை. 1997-க்கு அப்புறம் டெஸ்ட் பாஸ் செய்தவர்கள் பெரிய கேரவன் இழுக்க இன்னொரு டெஸ்ட் எழுதவேண்டும் என்றிருந்ததை 2021 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

முதல் டீலர் கோட் சூட் போட்டிருந்தார். காபி தந்தார். வண்டி பளபளவென்று இருந்தது. அப்பா உள்ளே ஏறினார், முன் ஜன்னலுக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து தலையை விட்டார், இறங்கிவிட்டார்.

"மழக்கால டிப்போ வாசம் அடிக்கி. வாலே போவோம்."

என்னிடம் ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தது. வைத்துப் பார்த்தேன். மற்ற சுவர்களில் பன்னிரண்டு, அந்த மூலையில் இருபத்தாறு! பதினைந்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இருபதைத் தாண்டினால் சுவருக்குள் மரச்சட்டம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய கேரவனுக்கு இதுதான் புற்றுநோய். "அது வெறும் மூச்சுக் காற்று ஈரம் ஸார்" என்றார் கோட் சூட். யார் மூச்சோ!

இரண்டாவது இடம் வயலுக்கு நடுவே ஒரு சரளைக்கல் மைதானம். அழுக்கு ஜெர்கின் போட்ட ஆசாமி வந்து, அப்பாவைப் பார்த்து, "என்ன வேணும், லவ்?" என்றார். அந்தப் பக்கம் ஆம்பளையும் ஆம்பளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "என்னலே சொல்லுதான் இவன்?" என்று என் பின்னால் ஒதுங்கிவிட்டார்.

2012 மாடல், நாலு பேர் படுக்கலாம், 1,260 கிலோ. விலை 8,495 பவுண்டு. மீட்டர் எங்கே வைத்தாலும் பன்னிரண்டு, பதிமூன்று. ஜன்னல் கண்ணாடியில் பதினேழு இலக்க எண் பொறித்திருந்தது. 1992-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. காசு கட்டி விசாரித்தால் வண்டி திருட்டா, கடன் பாக்கியா என்று சொல்லிவிடுவார்கள். சுத்தம்.

நான் பேரத்தை ஆரம்பிப்பதற்குள் அப்பா தரையில் மண்டி போட்டுவிட்டார். டயர் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. அவர் தேடியது வேறு. பக்கவாட்டில் ஒரு குட்டி வட்டத்துக்குள் '2314'. அதாவது 2014-ம் வருஷம், 23-வது வாரம்.

"ஒம்பது வருஷ ரப்பர். சும்மா நின்னே செத்துப் போயிருக்கும். கேளு அவன்ட்ட."

கேட்டேன். டீலர் டயரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அவர் மெக்கானிக்கா?"

"பஸ் டிரைவர். முப்பத்தாறு வருஷம்."

"என் அப்பாவும் பஸ் டிரைவர்தான், லவ். ஹல்லில்."

மொழிபெயர்த்தேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் மனசு இளகியதாகத் தெரியவில்லை! நேராகக் கேரவனுக்குள் போய் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... யார்க்ஷயர்காரர்கள் காசு விஷயத்தில் கெட்டி என்று இங்கிலாந்தே சொல்லும். திருநெல்வேலியை அவர்கள் பார்த்ததில்லை.

"8,200. டயர் மாத்தித் தர்றேன்" என்றார் டீலர்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"8,000. டயரும், புது பேட்டரியும்."

"லாஸ்ட் ப்ரைஸ்?" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதுதான் முக்கியமானது.

7,850-ல் முடிந்தது. புது டயர் இரண்டு, பேட்டரி, கேஸ் லீக், பிரேக் எல்லாம் பார்த்து சர்வீஸ், நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்று. தெரிந்தவரிடம் வாங்கினால் இன்னும் ஐந்நூறு குறையும்தான். ஆனால் டீலரிடம் வாங்கினால் பெரிய கோளாறு இருந்தால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். 2015-ல் வந்த நுகர்வோர் சட்டம் அது. அந்த ஐந்நூறு பவுண்டு என் தூக்கத்துக்கு விலை என்று வைத்துக்கொண்டேன். மனைவிக்கு ஃபோன் செய்து தொகையைச் சொன்னேன். "மாமாகிட்ட குடுங்க" என்றாள். எனக்குப் பாராட்டு இல்லை.

மே மாசம், முதல் பயணம். பிரிட்லிங்டன் பக்கம் ஒரு பண்ணை. ஐந்து கேரவன்களுக்கு மேல் விடாத சின்ன இடம். மோட்டார்வேயில் அறுபது மைலுக்கு மேல் போகக்கூடாது. மூன்று லேன் ரோட்டில் வலது ஓர லேன் பக்கமே தலைவைக்கக் கூடாது. பக்கத்து ஸீட்டில் அப்பா, "லெஃப்ட்ல வா... பின்னாடி பாரு... பிரேக்க மிதிக்காத, கியரக் கொற" என்று வழி முழுக்கக் கண்டக்டரும் டிரைவருமாக இருந்தார்.

சாயங்காலம் ஃபிளாம்பரோ முனையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. அப்பா மங்கி குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தன மணிக்குலே எடுக்கணும்?"

"எப்ப வேணா எடுக்கலாம்ப்பா. நாளைக்கு எடுத்தாலும் சரி."

"அப்பச் சரி" என்று புல்லில் உட்கார்ந்துகொண்டார்.