பந்தல் மறைக்குதா?

மேட்ச் பார்க்கப் போகிறீர்கள். கண்ணாடி போட்ட ஏ.சி. அறை, சோபா, கேட்காமலே வரும் காபி, நாலு வகைப் பலகாரம். இப்போது சொல்லுங்கள்... நீங்கள் ஆட்டத்தைப் பார்ப்பீர்களா, தட்டைப் பார்ப்பீர்களா?

ஃபுட்பால் ஸ்டேடியங்களில் இந்த உபசார அறைகளை வடிவமைப்பது இன்று தனித் தொழில். இங்கிலாந்தின் ஓல்டு டிராஃபோர்டில் 1960-களிலேயே தனி பாக்ஸ்கள் வந்துவிட்டன. 2000-ல் அந்த அணியின் கேப்டன் ராய் கீன், சொந்த ரசிகர்கள் சிலர் மீதே எரிந்து விழுந்தார். இறால் சாண்ட்விச் தின்ன வருகிறவர்களுக்கு மைதானத்தில் என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை என்பது அவர் கோபம். 2017-ல் மான்செஸ்டர் சிட்டி ஒரு படி மேலே போனது. வீரர்கள் நடந்து வரும் பாதைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து, அந்தப் பக்கம் விருந்தாளிகளை உட்காரவைத்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். காரிமங்கலத்தில் சாமியானா, சேர் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். பொங்கலுக்கு நடக்கும் ஃபுட்பால் போட்டிக்கு அவர்தான் பந்தல். எப்போதும் மேற்கு ஓரத்தில்தான் போடுவார். சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். எதிரே கிழக்கு மேட்டில் ஜனங்கள். யாரையும் யாரும் மறைக்க மாட்டார்கள். வி.ஐ.பி. இருக்கைகள் மேற்கே இருக்கட்டும் என்றுதான் ஃபிஃபாவின் வழிகாட்டியும் சொல்கிறது. அப்பா அதைப் படித்தவர் இல்லை.

ஒரு வருஷம் சீஃப் கெஸ்ட்டாக வந்த பெரிய மனிதர், பந்தலைக் கிழக்கே போடச் சொல்லிவிட்டார். கார் அங்கேதான் வருமாம்.

"தலைவரே, அங்க போட்டா பின்னாடி இருக்கிற ஜனத்துக்கு மறைக்குமுங்க."

"சொன்னதைச் செய்யிப்பா."

செய்தார். ஆட்டம் தொடங்கியதும் வெயில் நேராகத் தலைவர் முகத்தில். முன்பக்கமும் படுதாவை இறக்கச் சொன்னார். இப்போது அவருக்கும் ஆட்டம் தெரியவில்லை, மேட்டில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. உள்ளே கலர், முறுக்கு, மைசூர்பாகு. வெளியே கூச்சல்.

இடைவேளையில் அப்பா யாரையும் கேட்கவில்லை. முடிச்சுகளை அவிழ்த்துப் பந்தலையே இறக்கிவிட்டார். தலைவர் காரில் ஏறிப் போய்விட்டார். மேட்டில் ஒரே விசில்! வாடகைப் பணம் கடைசி வரை வரவில்லை. அடுத்த வருஷம் பந்தலும் வேறு ஆளுக்குப் போனது. அம்மா ஒரு மாசம் திட்டினாள்.

ஸ்டேடியம் கட்டுகிறவர்களிடம் 'சி-வேல்யூ' என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் பார்வை, முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் தாண்டிப் போகிறது என்பது. 90 இருந்தால் நல்லது, 120 இருந்தால் உத்தமம். சோபாவும் சாப்பாடும் அதற்கு அப்புறம்தான்.

2022 நவம்பர் 20. கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். அல் பைத் ஸ்டேடியத்தை, பாலைவன நாடோடிகள் விருந்தாளிகளை வரவேற்கும் கூடாரம் மாதிரியே கட்டியிருந்தார்கள். உள்ளே சொகுசு அறைகளும் உண்டு. டி.வி-யில் பார்த்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய், நம்ம பந்தல்டா!"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்...

"கடைசி வரிசைக்காரனுக்கு நல்லாத் தெரியுமா கண்ணு?"