ஒதுக்கிவைத்த புள்ளிகள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஐயா, எந்தத் தலைப்பு எடுத்தால் சீக்கிரம் முடிக்கலாம்?" கேட்பதில் குற்றமில்லை. வீட்டில் எதிர்பார்ப்பு இருக்கிறது, உதவித்தொகைக்குக் கெடு இருக்கிறது, வயதும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனாலும் சூரிய ஆற்றல் ஆய்விலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சீக்கிரம் முடிகிற தலைப்பைத் தேடி அலையாதீர்கள். பல ஆண்டுகள் கூடவே இருந்தாலும் சலிக்காத சிக்கல் ஒன்றைத் தேடுங்கள்.

சிலிக்கான் சூரிய மின்கலம் பிறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சாப்பின் என்ற பொறியாளரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. புழுக்கமும் ஈரமும் மிகுந்த தொலைதூர இடங்களில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைக்கும் பேட்டரிகள் விரைவில் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் செலினியத்தில் தொடங்கினார். தன்மேல் விழுந்த வெயிலில் ஒரு சதவீதத்தைக்கூட அது மின்சாரமாக்கித் தரவில்லை. அதே நிறுவனத்தில் இருந்த ஜெரால்டு பியர்சன், சிலிக்கானுக்கு மாறும்படி சொன்னார். சிலிக்கானுக்குள் வேற்று அணுக்களைப் பரவச் செய்யும் கலை கால்வின் ஃபுல்லருக்குக் கைவந்திருந்தது. முதலில் லித்தியத்தைப் புகுத்திப் பார்த்தார்கள். அது வைத்த இடத்தில் நிற்காமல் மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டே போனது. பிறகு போரானை மேற்பரப்பில் மெல்லிய அடுக்காகப் பரவவிட்டார்கள். 1954 ஏப்ரலில் ஆறு சதவீதத் திறனுள்ள மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். 1958-இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள் சூரிய மின்கலங்களைச் சுமந்துகொண்டு விண்ணுக்குப் போனது.

பெரிய கண்டுபிடிப்புக்குப் பெரிய கேள்விதான் வித்தாக வேண்டும் என்பதில்லை. யாரோ ஒருவருடைய அன்றாடத் தொல்லையைக் கடைசிவரை விடாமல் பின்தொடரும் மனம் இருந்தால், வழியில் எதிர்பாராத கதவுகள் திறக்கும். ஒருவருக்குத் தெரியாததை அடுத்த அறைக்காரர் அறிந்திருப்பார். போய்க் கேட்கும் பணிவு மட்டும் வேண்டும்.

எங்கள் வேலை மின்கலமல்ல, வெந்நீர். கடற்கரை ஊர் ஒன்றின் கல்லூரி மொட்டை மாடியில் தட்டைச் சேகரிப்பான்களைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். கறுப்புப் பூச்சு பூசிய செப்புத் தகடு, அதன் அடியில் பற்றவைத்த செப்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, கீழே கண்ணாடிக் கம்பளி. பார்ப்பதற்கு இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று தோன்றும். உள்ளே போகும் நீரின் வெப்பநிலை, வெளியே வரும் நீரின் வெப்பநிலை, நிழலில் காற்றின் வெப்பநிலை, வெயிலின் அளவைக் காட்டும் பைரனோமீட்டர், நிமிடத்துக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்ற கணக்கு: இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் வாட் விழும். நடுவில் ஒரு மேகம் கடந்தால் அந்த ரீடிங் முழுவதும் வீண். நீரோட்டம் நிலைப்படும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும்.

செயல்திறனைக் குத்தச்சில் வைத்து, நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை வெயிலின் அளவால் வகுத்துக் கிடையச்சில் வைத்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி விழும். கோடு தொடங்கும் உயரம் கண்ணாடியும் கறுப்புப் பூச்சும் எவ்வளவு நல்லவை என்று சொல்லும். அதன் சரிவு, பிடித்த வெப்பத்தில் எவ்வளவு கைநழுவுகிறது என்று சொல்லும். என் அனுபவத்தில் இந்தச் சரிவே பொல்லாதது. வெயிலைப் பிடிப்பது எளிது. பிடித்ததைத் தக்கவைத்துக்கொள்வதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பும் போகிறது.

என்னிடம் ஒரு மாணவர் இருந்தார். கெட்டிக்காரர், கை சுத்தமானவர். ஒரு நாள் அவர் கொண்டுவந்த வரைபடம் அச்சடித்ததுபோல் அழகாக இருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். சில ரீடிங்குகளின் மேல் பென்சிலால் கோடு கிழித்திருந்தது. "இவை சரியாக வரவில்லை ஐயா, கோட்டுக்குக் கீழே போய்விட்டன" என்றார். "போனது எப்போது?" என்று கேட்டேன். நேரத்தைப் பார்த்தோம், எல்லாமே மதியத்துக்குப் பிந்தியவை. மறுநாள் அதே நேரத்தில் மாடிக்குப் போய் நில்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நின்றவருக்கு விடை முகத்தில் வந்து பட்டது. மதியம் கடற்காற்று ஏறியதும் மேல் கண்ணாடி விரைவாகக் குளிர்ந்து, வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதன்பின் காற்றின் வேகத்தையும் சேர்த்து அளக்கத் தொடங்கினார். ஒதுக்கிவைத்த அந்தப் புள்ளிகளிலிருந்துதான் அவருடைய ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயம் வந்தது. தரவு உங்களோடு முரண்படும்போது அதை அடிக்காதீர்கள் பிள்ளைகளே, உட்காரவைத்து விசாரியுங்கள்.

பின்னாளில் கருவாடு உலர்த்தும் பெட்டி ஒன்றைச் செய்தோம். மணலும் ஈயும் படாதபடி கண்ணாடியால் மூடி, உறுதியான இரும்புச் சட்டம் போட்ட பெட்டி. குப்பத்தில் கொண்டுபோய் வைத்ததும் ஓர் அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, மழை வந்தா இதை யாரு தூக்குறது?" கண்ணாடிக்குப் பதில் வெயில் தாங்கும் பாலித்தீன் தாளும், இரும்புக்குப் பதில் மரச்சட்டமும் போட்டு, இரண்டு பெண்கள் தூக்கும் எடைக்கு அதை மாற்றினோம். எடையை எங்கள் பாடநூல் எதுவும் ஓர் அளவீடாகச் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவரின் கேள்வியையும் கருவியின் ரீடிங்குக்குச் சமமாக மதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் 1974-இல் ஒரு சிறு சூரிய மின்கலக் குழுவைத் தொடங்கினார். அக்காலச் சிலிக்கான் கலத்தின் பின்பக்கம் முழுவதும் உலோகம் படிந்திருந்ததால் மின்னணுக்கள் அங்கேயே வீணாயின. அந்தப் பரப்பை மெல்லிய காப்புப் படலத்தால் மூடி, சிறு துளைகள் வழியாக மட்டும் உலோகம் தொடும்படி செய்தால் என்ன என்று அந்தக் குழு முயன்றது. 1989-இல் 22.8 சதவீதத் திறனை அறிவித்தார்கள். இன்று பெர்க் என்று அழைக்கப்படும் கலம் அது. ஆனால் தொழிற்சாலைகள் அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது 2010-களில்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஆய்வகச் சாதனையாகவே இருந்தது. அந்தக் காலம் முழுவதும் கிரீன் மாணவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தார். அவர்களில் ஒருவரான ஷி ஜெங்ராங் சீனா திரும்பி 2001-இல் சன்டெக் நிறுவனத்தை நிறுவினார். பின்னாளில் அந்த நிறுவனம் நொடித்துப் போனாலும், கற்றுப் போனவர்களின் கைத்திறன் சீனத் தொழிற்சாலைகளில் வேர்விட்டுவிட்டது. 2023-இல் பெர்க் கலத்துக்காக எலிசபெத் ராணி பொறியியல் பரிசு கிரீனுக்கும், அவருடன் உழைத்த ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஜியான்ஹுவா ஜாவ், ஐஹுவா வாங் ஆகியோருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அந்தப் பரிசில் எனக்கு மிகவும் பிடித்தது, நெறியாளரின் பெயரோடு அவரிடம் படித்தவர்களின் பெயரும் ஒரே வரிசையில் நின்றதுதான்.

நம் கல்லூரிகளில் ஒரு மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் அவர் கட்டிய கருவி மாடி மூலையில் துருப்பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அதே செப்புக்குழாய், அதே பற்றவைப்பு, அதே ஒழுகல். இதைத் தடுக்கப் பெரும்பணம் தேவையில்லை. உங்கள் நோட்டில் தேதி, நேரம், வானத்தின் நிலை, கருவியின் எண், ரீடிங் எடுத்தவர் பெயர் ஆகியவற்றை நீங்கள் இல்லாதபோதும் ஒருவர் படித்துத் தொடரும்படி எழுதுங்கள். கருவியைப் பிரிப்பதற்கு முன் ஓர் இளையவரை மாடிக்கு அழைத்துப் போங்கள். பைரனோமீட்டரின் கண்ணாடிக் கவிகையைக் காலையில் எப்படித் துடைக்க வேண்டும், மட்டம் எப்படிப் பார்க்க வேண்டும், எந்த இணைப்பு அடிக்கடி ஒழுகும் என்பதைக் காட்டிக்கொடுங்கள். அவர் கையாலேயே ஒரு நாள் முழுவதும் ரீடிங் எடுக்கவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.