வண்டி வருமுன்

மேட்டூர் அணை திறக்க இன்னும் நாள் இருக்கும் சித்திரை மாதத்தில் காவிரிப் படுகையின் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வைக்கோலெல்லாம் போராக ஏறிக் கொல்லைகளில் நிற்கும். கீற்று வேய்ந்த கூரைகள் மாசி பங்குனி வெயிலில் முறுகி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் ஸ்திதியை அடைந்துவிடும். இந்தப் பருவத்தில்தான், ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை, தீயணைப்புத் துறையினர் தீத்தொண்டு வாரத்தை அனுஷ்டிக்கிறார்கள். 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தபோது, அதை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்களுடைய நினைவாக ஏற்பட்ட வாரம் இது.

கும்பகோணத்திற்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிறிய தீயணைப்பு நிலையத்தார் இந்த வாரத்தில் ஊர் ஊராகப் போய்ச் செய்முறை விளக்கம் காட்டுகிறார்கள் என்று அறிந்து, நிலைய அலுவலரின் அனுமதியோடு நானும் அவர்களுடன் புறப்பட்டேன். நிலையத்து முற்றத்தில் ஓர் இளைஞர், கரும்புக் கொல்லைத் தீ ஒன்றுக்குப் போய்வந்த ஓஸ்களைக் கழுவி உலர்த்திச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுவதற்கு முன்பு, ஒவ்வொன்றின் பதினைந்து மீட்டர் நீளத்தையும் விரல்களால் தடவிக்கொண்டே போனார். கண்ணுக்குப் படாத நைந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும் என்றும், அதை இப்போது கண்டுபிடிக்காவிட்டால் நீர் பாயும் வேகத்தில் அது தீக்கு முன்னால் கிழியும் என்றும் சொன்னார். இணைப்பு வாயின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, மறுபடி மாட்டிய அவருடைய சிரத்தையைப் பார்த்தபோது, தொழிலை நேசிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் உண்டாகிற மரியாதை உண்டாயிற்று.

பெரிய வண்டி கொள்வது ஏறத்தாழ 4,500 லிட்டர் நீர். பம்ப்பை முழு விசையில் இயக்கினால் சில நிமிஷங்களில் அது தீர்ந்துவிடும். ஆகையால் கோடையிலும் வற்றாத குளம் எது, யாருடைய போர் செட் வரையில் வண்டி போகப் பாதை உண்டு, எந்த வாய்க்கால் பாலம் பாரம் தாங்காது என்பதையெல்லாம் ஓட்டுநர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஆயினும் இத்தனை ஆயத்தமும் ஒரு கீற்றுக் குடிசையைக் காப்பதற்குப் பெரும்பாலும் போதுவதில்லை. தகவல் கிடைத்து, வண்டி புறப்பட்டு, வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைப் பாதையில் ஊரை அடைவதற்குள், அந்தக் குடிசை எரிந்து தீர்ந்து, அண்டைக் கூரையில் தீ ஏறியிருக்கும். வண்டி வருமுன் கழியும் அந்த நிமிஷங்கள் முழுவதும் ஊராருடையவை. ஆதலால் தம்முடைய தொழிலின் ஒரு பகுதியை ஊராரிடமே ஒப்படைப்பதுதான் கிராமத்துத் தீயணைப்பு வீரரின் முதற்கடமை என்று அங்கே எனக்குத் தோன்றியது. இன்றும் அதுவே என் அபிப்பிராயம்.

நாங்கள் போன ஊரில், மாரியம்மன் கோயில் திடலில், ஜனங்கள் கூடியிருந்தனர். பிரசங்கம் எதுவும் நடக்கவில்லை. ஒரு சமையல் எரிவாயு சிலிண்டரை வெட்டவெளியில் நிறுத்தி, வால்வைத் திறந்து, நீண்ட கழியின் நுனியிலிருந்த பந்தத்தால் பற்றவைத்தார்கள். தீ சீறிக்கொண்டு ஆள் உயரம் எழ, முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். வீரர் ஒருவர் நனைத்த கோணிச் சாக்கை எடுத்து, அதன் மேல் விளிம்பைத் தம் இரு கைகளும் உள்ளே மறையும்படி மடித்துப் பிடித்து, காற்று முதுகில் படும் பக்கமாக வந்து, சாக்கைக் கேடயம்போல் முன்னே ஏந்தி மெல்ல நடந்து, தீயின் அடியிலிருந்து மேலாகப் போர்த்தி, அதே வேகத்தில் வால்வைத் திருகி மூடினார். தீ இருந்த சுவடே இல்லை. பிறகு, “யாராவது வந்து செஞ்சு பாருங்க” என்று அலுவலர் அழைத்தபோது, நெடுநேரம் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார்.

“தம்பி, சேலையோட இதைச் செய்யலாமா?”

“முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு வாங்கம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

அம்மாள் செய்தார். தீ அணைந்ததும், “இம்புட்டுத்தானா?” என்று கேட்டார். அலுவலர் சிரிக்கவில்லை. “தீ சின்னதா இருக்கறப்பதாம்மா இது. கூரையில பிடிச்சிடுச்சுன்னா சாக்கைப் போட்டுட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளியில வந்துடணும், சாமான் எடுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது” என்றார். தைரியத்தைக் கற்பிக்கும்போதே அதன் எல்லையையும் கற்பித்த அந்த நிதானம் என்னைக் கவர்ந்தது.

எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். ஆகவே வாடை அடித்தால் விளக்கு ஸ்விட்சைப் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வரவேண்டும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் நீர் ஊற்றாமல், அடுப்பை நிறுத்தி, தட்டால் மூடவேண்டும். ஆடையில் தீப்பிடித்தவர் ஓடாமல் தரையில் உருளவேண்டும்; புண்ணில் பேனா மையும் மாவும் பூசாமல், இருபது நிமிஷம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கவேண்டும். ஒரு குடிசை எரியும்போது அண்டைக் குடிசையின் கீற்றைப் பிரித்து இழுத்துத் தீயின் வழியை அறுக்கவேண்டும் என்பதைக் கொக்கியோடு ஒரு பழைய கொட்டகையில் பிரத்தியட்சமாகவே காட்டினார்கள்.

கீற்றைப் பற்றிப் பேச்சு வந்தபோது திடலில் ஓர் அமைதி உண்டாயிற்று. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கட்டிலிருந்து கீற்றுக் கூரைக்கு ஏறிய தீ, 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஒடுக்கமான படிக்கட்டு அவர்களுக்கு வழிவிடவில்லை. அந்தப் பிரதேசத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அலுவலரும் விவரிக்கவில்லை; ஊர்ப் பள்ளியின் ஆசிரியரிடம், வெளியேறும் வழியில் பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார்; கூட்டம் முடியுமுன்பே ஒரு வீரரைப் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்.

கிணற்றைப் பற்றி அலுவலர் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். நெடுநாள் இறங்காத கிணற்றிலும் மலக்குழியிலும் விஷவாயு தேங்கியிருக்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். பாசமும் பதற்றமும் சேர்ந்து ஒரு குடும்பத்தையே உள்ளே இழுத்துவிடும். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே பிராணவாயு போதாது என்பது நிச்சயம். ஆனால் எரிந்துகொண்டே இருப்பதனால் அபாயம் இல்லை என்று ஆகாது, தீப்பற்றும் வாயு உள்ளே இருந்தால் அந்த விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும். மூச்சுக் கருவி அணிந்தவர் வரும்வரை ஒருவரும் இறங்காதிருப்பதே வழி. இதைக் கேட்டுக்கொண்டிருந்த தூர் வாரும் தொழிலாளி ஒருவர், தம் மகனைக் கூட்டத்திலிருந்து கைப்பிடித்து முன்னே அழைத்து வந்து உட்காரவைத்தார்.

இதற்கிடையே நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது; வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தாழ்ந்த மின்கம்பியில் உரசிப் பற்றிக்கொண்டதாம். வண்டியில் நானும் ஏறினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, லாரியை ஓட்டுநர் வீடுகளை விட்டு விலக்கி வெற்று வயலில் இறக்கியிருந்தார். மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்பே, ஊர் இளைஞர்கள் நீண்ட கழிகளால் வைக்கோலைச் சரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்புறச் சுவாலை அடங்கிய பின்னும் உள்ளே கனல் உறங்கும் ஆதலால், வீரர்கள் வைக்கோலைப் பிரித்துப் பிரித்து நீர் பாய்ச்சி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன்பு அந்த ஊருக்கும் இவர்கள் செய்முறை காட்டப் போயிருந்ததாக, திரும்பும் வழியில் ஓட்டுநர் சொன்னார்.

தீயணைக்கவும் மீட்கவும் வருவதற்கு இவர்கள் கட்டணம் எதுவும் கேட்பதில்லை. இதை வாசிப்பவர்கள் தத்தம் ஊராட்சியின் மூலமோ பள்ளியின் மூலமோ அருகிலுள்ள நிலையத்தாரை ஒருமுறை ஊருக்கு வரவழையுங்கள். 101 அல்லது 112 என்ற எண்ணை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வையுங்கள். அழைக்கும்போது ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது குளம், எரிவது என்ன என்பவற்றை நிதானமாகச் சொல்லி, வண்டிக்கு வழிகாட்ட ஓர் ஆளை முக்கூட்டுச் சாலைக்கு அனுப்புங்கள்.